வாசலைச் செப்பனிடுதல்: ஆலய முகப்பும் திருச்சபை வரலாறும்

திண்டுக்கல்லில் மலைக்கோட்டை இருக்கிறது. பூட்டுத் தொழிலும் இருக்கிறது. கோட்டை வாசல் பகைவரைத் தடுப்பதற்கென்று கட்டப்பட்டது. பூட்டு உரியவரை அனுமதித்து, அல்லாதவரை விலக்குவதற்கென்று செய்யப்படுவது. இவ்விரண்டின் நிழலில் திருச்சபையும் தன் ஆலயங்களைக் கட்டி, அவற்றுக்கு வாசலும் கதவும் வைத்திருக்கிறது. அவ்வாசல் எதற்காக என்னும் வினாவுக்குத் திருச்சபை கூறும் விடை, கோட்டையின் விடையாகவோ பூட்டின் விடையாகவோ இருத்தல் கூடாது என்பது நம் நம்பிக்கை. வரலாறு முழுவதும் அவ்விடை அப்படியே இருந்தது என்று கூறுவதற்கில்லை.

இன்று இச்சமவெளியிலும் பிற இடங்களிலும் பழைய சேகர ஆலயங்கள் பல பழுதுபார்க்கப்படுகின்றன. நூற்றாண்டு விழா நெருங்கினால் சேகரக் குழுவினர் முதலில் எண்ணுவது முகப்பைப் பற்றியே. கூரையின் ஒழுக்கும் சுவரின் விரிசலும் காத்திருக்கலாம். வருவோர் கண்ணில் முதலில் படுவது வாசலன்றோ? ஆதலின் வாசலைச் செப்பனிடுதல் என்பது கொத்தனாருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் உரிய காரியம் என்று எண்ணி விடாது, இறையியல் மாணவரும் ஆயர்களும் வரலாற்றறிவோடு சிந்திக்க வேண்டிய பொருளாக அதனை இங்கு ஆராய்கிறோம். நாம் கூற விழைவது ஒன்றே: ஒரு வாசலைப் புதுப்பிப்பவர் கல்லை மட்டும் புதுப்பிப்பதில்லை, எந்த நினைவை நிலைநிறுத்துவது, எந்த வழக்கத்தை ஒழிப்பது என்பதையும் முடிவு செய்கிறார்.

1. மறைநூலில் வாசல்

வாசலைச் செப்பனிட்டோரின் பட்டியல் ஒன்று மறைநூலிலேயே உண்டு. நெகேமியா மூன்றாம் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் பெயர்களின் நீளம் கருதித் தாண்டிச் சென்று விடுகிறோம். அதிகாரம் ஆட்டுவாசலில் தொடங்கி, நகரைச் சுற்றி வந்து, மீண்டும் ஆட்டுவாசலில் முடிகிறது. பிரதான ஆசாரியனாகிய எலியாசிபும் ஆசாரியரும் முதலாவது கையிட்டு அவ்வாசலைக் கட்டிப் பரிசுத்தம் பண்ணுகின்றனர். பொற்கொல்லரும் பரிமளத் தைலக்காரரும் வணிகரும் சுவரெடுக்கின்றனர். சல்லூம் தன் குமாரத்திகளோடு வேலை செய்கிறான். தெக்கோவா ஊரார் உழைக்க, அவ்வூர்ப் பெரியோர் மட்டும் கழுத்து வளைக்க மறுத்த செய்தியும் மறைக்கப்படாமல் எழுதப்பட்டிருக்கிறது. பணம் தந்தவர் பட்டியல் அன்று அது, உழைத்தவர் பட்டியல். கூடவே, உழைக்க மறுத்தவரையும் அது குறித்து வைத்திருக்கிறது.

வாசலைக் குறித்த கடுமையான சான்று ஒன்றையும் மறைநூற் காலம் விட்டுச் சென்றுள்ளது. ஏரோதின் காலத்து எருசலேம் தேவாலயத்தில் புறவினத்தார் பிராகாரத்துக்கும் உட்பிராகாரத்துக்கும் இடையே தாழ்ந்த தடுப்புச் சுவர் ஒன்று இருந்தது. அதனைக் கடந்து உட்செல்லும் அந்நியன் தன் மரணத்துக்குத் தானே பொறுப்பாளி என்று கிரேக்க மொழியில் எச்சரித்த கல்வெட்டு 1871இல் கண்டெடுக்கப்பட்டது. இன்று இஸ்தான்புல் தொல்பொருட் காட்சியகத்தில் உள்ளது. அப்போஸ்தலர் நடபடிகள் 21ஆம் அதிகாரத்தில் எபேசியனாகிய துரோப்பீமுவைப் பவுல் உள்ளே அழைத்து வந்தார் என்று கலகம் எழுந்தது இத்தடுப்பை முன்னிட்டே. எபேசியர் 2:14இல் பகையாக நின்ற நடுச்சுவர் தகர்க்கப்பட்டதென்று எழுதப்பட்டதைப் படிக்கும்போது, இக்கல்லை மனத்திற்கொண்டு படித்தல் நலம். அந்நிருபத்தின் முதல் வாசகர்க்கு அது வெறும் உருவகமாக ஒலித்திராது.

அப்போஸ்தலர் 3ஆம் அதிகாரம் நமக்கு இன்னும் நெருக்கமானது. தேவாலயத்தின் அவ்வாசலுக்கு அலங்கார வாசல் என்று பெயர். அதன் அருகே பிறவியிலே சப்பாணியான ஒருவனை நாள்தோறும் கொண்டு வந்து வைத்தனர். வாசல் அழகாயிருந்தது, ஆனால் அவன் வாசலண்டையிலேயே கிடந்தான். அவன் நடந்தும் குதித்தும் தேவாலயத்துக்குள் சென்ற நாளில் அவ்வாசலின் அலங்காரம் சற்றும் மாறவில்லை. மாறியது, உள்ளே நுழைந்தவர் யார் என்பது. வாசலைச் செப்பனிடத் தொடங்கும் ஒவ்வொரு குழுவும் முதற்கூட்டத்தில் இவ்வதிகாரத்தை வாசிக்குமாயின், திட்டத்தின் வரைபடம் சிறிது வேறுபடக் கூடும்.

2. ஆதித் திருச்சபையின் வாயிற்காவலர்

முதல் மூன்று நூற்றாண்டுகளில் வாசல் ஒரு திருப்பணிக்குரிய இடமாயிற்று. உரோமாபுரிப் பேராயர் கொர்நேலியு 251ஆம் ஆண்டையொட்டி எழுதிய கடிதமொன்றைச் சரித்திராசிரியர் யூசேபியு பாதுகாத்துத் தந்துள்ளார். அச்சபையில் 46 மூப்பரும் 7 உதவிக்காரரும் இருந்தனர் என்று கூறும் அக்கடிதம், பேயோட்டுவோர், வாசிப்போர் ஆகியோரோடு வாயிற்காவலரையும் சேர்த்து 52 பேர் என்று எண்ணுகிறது. வாசலில் நிற்பது ஒரு சிறு வேலையாயினும், சபையின் ஊழிய வரிசையில் அதற்கு இடம் இருந்தது என்பது இதனால் தெளிவாகும்.

வாசலில் நிற்பவர் யாரைக் கவனிக்க வேண்டும்? சீரியா நாட்டில் மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த ‘திதஸ்காலியா’ என்னும் சபை ஒழுங்கு நூல் இதற்கு விடை தருகிறது. செல்வரோ பெருமதிப்புடையவரோ ஆராதனை நடுவே வந்தால், பேராயர் தம் போதனையை நிறுத்தி அவருக்கு இடம் தேட வேண்டியதில்லை. ஆனால் ஏழை ஒருவர், அதிலும் வயது சென்றவர், வந்து அவருக்கு இடமில்லாதிருந்தால், பேராயர் தாம் தரையில் அமர நேரினும் அவருக்கு இடம் செய்து கொடுத்தல் வேண்டும் என்பது அந்நூலின் கட்டளை. இந்த ஒழுங்கை நம் சேகரங்களில் சிறப்பு விருந்தினர் வருகையின்போது நடக்கும் ஒழுங்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பது மாணவர்க்கு நல்ல பயிற்சியாகும்.

கொன்ஸ்தந்தீன் காலத்தில் துன்புறுத்தல் ஓய்ந்தபின் இடிக்கப்பட்ட ஆலயங்கள் மீண்டும் எழுந்தன. தீருப் பட்டணத்தில் பேராயர் பவுலீனு கட்டிய ஆலயத்தின் பிரதிஷ்டையில் யூசேபியு ஆற்றிய உரை அவரது திருச்சபைச் சரித்திரத்தின் பத்தாம் புத்தகத்தில் உள்ளது. சூரியன் உதிக்கும் திசை நோக்கி மிக உயரமான முகப்பு வாசல் ஏன் அமைக்கப்பட்டது என்பதற்கு அவர் கூறும் காரணம் கவனிக்கத்தக்கது. விசுவாசத்துக்குப் புறம்பே வெகுதூரத்தில் நிற்பவரும் உள்ளே நோக்கி, முன்பு பாழாய்க் கிடந்த இடம் இவ்வாறு மாறிற்றே என்று வியந்து, உள்ளே வர உந்தப்பட வேண்டும் என்பதே அக்காரணம். முகப்பின் பெருமை வெளியே நிற்பவருக்காக என்பது இங்கே அடிப்படை.

இதற்கு நேர்மாறாக அமைந்தது பெத்லகேமில் உள்ள திருப்பிறப்பு ஆலயத்தின் வாசல். ஆறாம் நூற்றாண்டில் யுஸ்தினியான் காலத்துப் பெரிய வாசலின் மேற்கல்லும், அதன் கீழே சிலுவைப் போர்க் காலத்துக் கூரிய வளைவும், அதனுள்ளே ஏறத்தாழ நான்கடி உயரமே உள்ள இன்றைய சிறு வாசலும் ஒரே சுவரில் காணப்படுகின்றன. குதிரை மீதேறி உள்ளே புகுவோரைத் தடுக்க அது சிறிதாக்கப்பட்டது என்பர். இன்று அதற்குத் தாழ்மையின் வாசல் என்று பெயர் வழங்குகிறது. 2013இல் அவ்வாலயத்தின் பெரும் புதுப்பிப்புப் பணி தொடங்கியது. 2019இல் அழிவின் ஆபத்திலுள்ள உலக மரபுச் சின்னங்களின் பட்டியலினின்று அது நீக்கப்பட்டது. அச்சுவரில் மூன்று காலத்து வாசல்களும் இன்றும் புலப்படுகின்றன. பழைய நிலைக்குத் திருப்புகிறோம் என்று கூறுவோர், எந்தப் பழைய நிலைக்கு என்று கேட்டுக் கொள்ள வேண்டும் என்பதை அச்சுவர் போதிக்கிறது.

3. தரங்கம்பாடியின் முகப்பு

இவ்வினாவைத் தமிழ் மண்ணில் கேட்பதற்குத் தரங்கம்பாடியைவிடப் பொருத்தமான இடம் இல்லை. திண்டுக்கல் சபைகள் அமெரிக்க மதுரை மிஷன் வழி வந்தவை. தரங்கம்பாடி லுத்தரன் மரபின் தாய்வீடு. எனினும் 1969இல் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி தொடங்கியபோது, லுத்தரன் திருச்சபையும் தென்னிந்தியத் திருச்சபையும் ஊழியரை உருவாக்கும் பணியில் ஒன்று சேர்ந்தன. ஆதலின் தரங்கம்பாடியின் புகழிலும் பிழையிலும் நம் அனைவருக்கும் பங்கு உண்டு.

சீகன்பால்குவும் புளூட்சோவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடி வந்தனர். அங்கு டேனியருக்கென்று 1701இல் கட்டப்பட்ட சீயோன் ஆலயம் இருந்தது. தமிழ்ச் சபைக்கென்று 1707 ஆகஸ்டு 14 அன்று சிறிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. பின்னர் 1718 அக்டோபர் 11 அன்று புதிய எருசலேம் ஆலயம் திறக்கப்பட்டது. நான்கு மாதங்களுக்குப்பின், 1719 பிப்ரவரி 23 அன்று, சீகன்பால்கு மறைந்து அவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இப்புதிய ஆலயத்தின் முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக்கின் முடிசூடிய பெயர்ச்சின்னமும் 1718 என்னும் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. அரசர் மிஷனின் புரவலர். அவர் சின்னம் அங்கிருப்பது நன்றியின் அடையாளம். ஆயினும் அவ்வரசின் தரங்கம்பாடித் தளபதியே 1708ஆம் ஆண்டின் இறுதியில் சீகன்பால்குவைச் சிறையிலிட்டார். நான்கு மாத காலம் அவர் சிறையில் இருந்தார். சிறைக்கதவைப் பூட்டிய அதிகாரத்தின் சின்னம் ஆலய வாசலின் மேல் நிற்கிறது என்பதை அறிந்து அம்முகப்பை நோக்குவோருக்கு, மிஷன் வரலாற்றின் சிக்கல் முழுவதும் ஒரு நொடியில் விளங்கும். அச்சின்னத்தை அழித்திருந்தால் இப்பாடம் நமக்குக் கிட்டியிராது.

வாசலைக் கடந்து உள்ளே சென்றபின் நடந்தது என்ன? ஆலயம் சிலுவை வடிவில் அமைந்தது. அங்கே சூத்திரர் எனப்பட்ட சாதியாரும், ஒடுக்கப்பட்ட பறையர் சமூகத்தாரும் தனித்தனியே அமர்ந்தனர். நற்செய்தி அனைவருக்கும் ஒரே வாசலைத் திறந்தது. சபையோ வாசலுக்கு உட்புறத்தில் மற்றொரு வாசலை அமைத்துக் கொண்டது. அதன் விளைவு பலிபீடம் வரை சென்றது. 1733 டிசம்பர் 28 அன்று ஆரோன் குருப்பட்டம் பெற்று, தமிழரில் முதல் புரொட்டஸ்டண்டு குருவானவரானார்; அவர் வேளாளர் குடியில் பிறந்தவர். அடுத்து ஒருவரைத் தெரிந்தெடுக்கும் வேளை வந்தபோது, தஞ்சைப் பகுதியில் அரும்பாடுபட்டு உழைத்த உபதேசியார் இராஜநாயக்கன் பெயர் எண்ணப்பட்டது. அவர் ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர். அவர் கையினின்று பிற சாதியார் நற்கருணை பெறத் தயங்குவர் என்ற காரணத்தால் அவர் தவிர்க்கப்பட்டார்; 1741இல் தியோகு குருப்பட்டம் பெற்றார். இராஜநாயக்கன் உபதேசியாராகவே இறுதிவரை உழைத்தார். ஆலய வாசலில் அவரை யாரும் தடுக்கவில்லை. பீடத்துக்குச் செல்லும் வாசலே அடைக்கப்பட்டது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தரங்கம்பாடியைத் தாக்கியது. அதில் சேதமுற்ற புதிய எருசலேம் ஆலயம் ஏறத்தாழ எழுபது இலட்சம் ரூபாய்ச் செலவில் செப்பனிடப்பட்டு 2006இல் மீண்டும் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அரசரின் சின்னம் முகப்பில் காக்கப்பட்டது. இருக்கையைப் பிரித்த பழைய வழக்கத்தை எவரும் மீட்க எண்ணவில்லை. இரண்டுமே பழமைதாம். ஒன்று காக்கத்தக்க நினைவு. மற்றொன்று மனந்திரும்பத்தக்க நினைவு. புதுப்பிப்போர் இவ்வேறுபாட்டைச் செய்தே தீர வேண்டும்.

4. திண்டுக்கல் சமவெளியும் 1847ஆம் ஆண்டும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வழக்கு வெளிப்படையாக எழுந்தது. 1833இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு கைவிடப்பட வேண்டுமென்று சுற்றறிக்கை விடுத்தார். இருக்கையிலும் நற்கருணையிலும் வேற்றுமை கூடாது என்பது அதன் கருத்து. வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையை விட்டு விலகினர். அதற்கு முன்னரே, 1829இல், தஞ்சைக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் புதிய மிஷனெரிமாரின் சாதி மறுப்பை எதிர்த்து நூல் எழுதியிருந்தார். நாம் பாடி மகிழும் கீர்த்தனைகளின் ஆசிரியரே அவ்வணியில் நின்றார் என்பதை மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். அவரது பாடலைப் போற்றுவதும் அவரது அந்நிலைப்பாட்டை மறுப்பதும் ஒருசேரச் செய்யக் கூடியவையே. 1850இல் சென்னை மிஷனெரி மாநாடு சாதிக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியபோது, லைப்சிக் மிஷனார் அதில் சேரவில்லை. பொறுமையாகக் கற்பித்து மாற்ற வேண்டும் என்பது அவர்தம் வாதம்.

இப்பின்னணியில் நம் சமவெளியை நோக்குவோம். அமெரிக்க மிஷனார் யாழ்ப்பாணத்தினின்று வந்து 1834இல் மதுரையில் பணி தொடங்கினர். அடுத்த ஆண்டே திண்டுக்கல் ஒரு மிஷன் நிலையமாயிற்று. ஊழியரைப் பயிற்றுவிக்க 1842இல் திருமங்கலத்தில் தொடங்கிய செமினரி 1845இல் பசுமலைக்கு மாறியது. 1847இல் இம்மிஷன் ஒரு முடிவெடுத்தது. சாதி வேற்றுமையை விட்டொழியாதவர் சபையின் ஐக்கியத்தில் நீடிக்கலாகாது என்றும், ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் அன்பின் விருந்தில் பங்கு பெறுவதே அதற்குச் சோதனை என்றும் வகுத்தது. உபதேசிமார் பலர் விலகினர். செமினரி மாணவரும் பலர் வெளியேறினர். பன்னிரண்டாண்டுப் பணியின் பயனில் பெரும்பகுதி ஒரே ஆண்டில் கலைந்தது போலத் தோன்றிற்று.

இதனைப் பெருமையோடு மட்டும் கூறி விட முடியாது. அந்நியர் தமக்கு எவ்விழப்பும் இன்றி, இந்நாட்டாரின் மேல் சுமத்திய சோதனை அது என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு. பந்தியில் ஒருமுறை அமர்ந்தவர், வீடு திரும்பிப் பழைய வழக்கத்திலேயே வாழ்ந்திருக்கவும் கூடும். எனினும் ஒன்றை மறுக்கவியலாது. சபையின் வாசல் எதுவென்று அன்று தெளிவாக அறிவிக்கப்பட்டது. ஒன்றாக உண்ண மனமில்லாதவர்க்கு அவ்வாசல் தாழ்ந்த வாசலாயிற்று. தலைகுனியாமல் அதனுள் நுழைய இயலவில்லை. யாரும் துரத்தப்படாமலே பலர் வெளியே நின்றனர்.

அதே திண்டுக்கல்லில் மற்றொரு வாசலும் திறந்தது. மருத்துவரும் குருவானவருமான எட்வர்டு செஸ்டர் 1859ஆம் ஆண்டையொட்டி இம்மிஷனுக்கு வந்து, 1902இல் மறையும் வரை திண்டுக்கல்லைத் தம் ஊழியக் களமாகக் கொண்டார். மருந்தகமும் ஆலயமும் ஒருவர் பொறுப்பிலேயே இருந்தமை சிந்திக்கத்தக்கது. மருந்தக வாசலில் நோய் ஒன்றே சீட்டு. ஆலய வாசலிலும் தேவை ஒன்றே சீட்டாக இருந்திருக்க வேண்டும் அல்லவா? நோயாளியாக வருபவரை ஏற்கும் வாசல், பாவியாக வருபவரை ஏற்கத் தயங்குமாயின், அத்தயக்கத்துக்குக் காரணம் நற்செய்தியில் இல்லை.

1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையும், 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையும் உருவாயின. மதுரை–இராமநாதபுரம் திருமண்டலத்தின் முதற்பேராயராக லெஸ்லி நியூபிகின் 1959 வரை பணியாற்றினார். அமெரிக்க மிஷன் கட்டிய எளிய கூடங்கள் பேராயரையுடைய சபையின் ஆலயங்களாயின. பல மரபினர்க்கிடையே இருந்த சுவர்கள் வீழ்ந்தன. பீடங்கள் இணைந்த வேகத்தில் குடியிருப்புகள் இணையவில்லை என்பதையும் நாம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

5. சுவர் வீழ்ந்த பின்பு

சுவரை இடிப்பது எளிதன்று. இடித்தபின் முடிந்து விடுவதும் அன்று. இதற்குக் கத்தோலிக்க சகோதரரின் வரலாற்றினின்று இரு சான்றுகள் காட்டுவோம். பிறர் குறையை எடுத்துக் கூறும் நோக்கம் நமக்கில்லை. நம் குறையை மேலே விரிவாகவே கூறினோம்.

நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த ஆலயம் இரு நடைக்கூடங்கள் ஒரே பீடத்தில் வந்து சேருமாறு, இடையே சுவருடன் அமைந்தது. வேளாளர் ஒருபுறம், நாடார் ஒருபுறம் அமர்ந்து, ஒருவரையொருவர் காணாமலே ஒரே பலியில் பங்கு பெற்றனர். 1910இல் அத்தடுப்புச் சுவர் அகற்றப்பட்டது. பழைய உரிமையைக் கோரி வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. ஆலயத்தில் தனியிடம் என்னும் உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை. கட்டடத்தின் வடிவமே பிரிவினையாக இருந்த இடத்தில், செப்பனிடுதல் என்பது இடித்தலாகவே இருக்க முடிந்தது.

ஒரு நூற்றாண்டு கழிந்தும் இக்கதை முற்றுப்பெறவில்லை. உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தாம் சமமாக நடத்தப்படவில்லையென்று தனிப் பங்கு கோரிப் போராடினர். 2008 மார்ச் 9 அன்று கலவரம் மூண்டு, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். ஆலயத்துக்குச் செல்லும் பாதையும் இறந்தோரைக் கொண்டு செல்லும் பாதையும் வாசலின் ஒரு பகுதியே. முகப்பு எத்துணை அகலமாயினும் தெரு அடைபட்டிருந்தால் வாசல் அடைபட்டதே.

6. செப்பனிடுவோர் கவனத்துக்கு

வரலாறு இவ்வாறிருக்க, நடைமுறையில் நாம் செய்யத்தக்கவை எவை? நம் சேகரங்களின் தேவை கருதிச் சிலவற்றைக் கூறுவோம்.

முதலாவது, பழைய சுவரின் இயல்பை அறிதல் வேண்டும். சிமெண்டு பரவுவதற்குமுன் எழுந்த ஆலயங்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டப்பட்டவை. சுண்ணாம்பை நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்துப் பூசுவது நம் கொத்தனாரின் பழைய முறை. அத்தகைய சுவர் தரையினின்று ஏறும் ஈரத்தை வெளியே விட்டு உலரும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும், உப்புப் பூக்கும், சில ஆண்டுகளில் பூச்சு செங்கல்லோடு பெயர்ந்து விழும். உறுதிக்கென்று செய்த வேலையே அழிவுக்குக் காரணமாகும். பழையதைப் பழையதன் மொழியிலேயே செப்பனிட வேண்டும் என்பது கட்டடத்துக்கு மட்டுமன்றி மரபுக்கும் பொருந்தும் விதி.

இரண்டாவது, நீரின் வழி. நகரச் சாலைகள் பழைய தளத்தைப் பெயர்க்காமல் மேலும் மேலும் தார் இடப்பட்டு உயர்ந்து விட்டன. முன்பு மூன்று படி ஏறிச் சென்ற ஆலயத்துக்கு இன்று ஒரு படி இறங்கிச் செல்லும் நிலை பல ஊர்களில் உண்டு. வடகிழக்குப் பருவ மழையில் தெருநீர் வாசலுக்குள் புகுகிறது. நிலைக்கால்களின் அடி இற்றுக் கரையான் ஏறுகிறது. அழகிய வளைவு எழுப்புமுன் வடிகால் அமைத்தல் அறிவுடைமை.

மூன்றாவது, படிகள். நாம் முன்பு ஆயராகப் பணியாற்றிய ஒரு சேகரத்தில், தேய்ந்த கருங்கற்படிகளை அகற்றி, மெருகேற்றிய பளிங்குக் கற்களைப் பதித்தோம். சபையார் மகிழ்ந்தனர், நாமும் மகிழ்ந்தோம். முதல் மழையில் மூதாட்டி ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தார். அதன்பின் அவர் ஆலயத்துக்கு வரவேயில்லை. நாமே திருவிருந்தை அவர் வீட்டுக்குக் கொண்டு சென்றோம். அலங்கார வாசலின் அதிகாரத்தை அவர் படுக்கையருகே வாசிக்க நமக்கு நா எழவில்லை. கரடான பழைய கல்லில் தலைமுறைகளின் பாதங்கள் தேய்த்த குழிவு இருந்தது. அதுவே அவ்வாலயத்தின் மெய்யான வரலாற்றேடு. அதனை நாம் விலைக்கு விற்றோம். இன்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 நடைமுறையில் உள்ளது. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்னும் அளவில் சாய்தளம் அமைப்பது பொதுவான நெறி. அதனைப் பின்புறக் கதவுக்கு அமைக்காமல் முன்வாசலுக்கே அமைத்தல் வேண்டும். பின்வாசல் வழியே உள்ளே வருபவர் விருந்தினராக உணரலாம், வீட்டாராக உணரார்.

நான்காவது, கல்வெட்டுகள். பழைய அடிக்கற்களின் மேல் வண்ணம் பூசி எழுத்தை மறைப்பதும், அவற்றைப் பெயர்த்துக் கிடங்கில் எறிவதும், அவ்விடத்தில் நன்கொடையாளர் பெயர்களைப் பெரிதாகப் பொறிப்பதும் வழக்கமாகி வருகின்றன. கொடையாளரை நன்றியோடு நினைத்தல் முறையே. ஆயினும் நெகேமியாவின் பட்டியலை நாம் மறவாதிருப்போமாக. கல்லுடைத்தவர், சுண்ணாம்பு அரைத்தவர், சுமந்த பெண்கள், பூட்டுச் செய்த கொல்லர் ஆகியோர் பெயர் எதுவும் நம் பழைய முகப்புகளில் இல்லை. இன்று வேலை செய்வோரின் பெயரையாவது சேகரப் பதிவேட்டில் எழுதி வைப்போம். வேலை தொடங்குமுன் முகப்பைப் புகைப்படம் எடுத்து, அளந்து, வரைந்து வைப்பதும் ஆயரின் கடமைகளுள் ஒன்று.

ஐந்தாவது, மிக இன்றியமையாதது. செப்பனிடும் திட்டத்தை எழுதுமுன் சேகரக் குழு ஒரு மாலையைச் செலவிட்டு, இவ்வாசல் வழியே இதுவரை வராதவர் யார், வந்தும் கடைசி வரிசையிலேயே அமர்ந்தவர் யார், இன்று வெளியே திண்ணையோரம் நிற்பவர் யார் என்று வினவட்டும். முதியோரைப் பேசச் செய்து எழுதிக் கொள்ளட்டும். சில விடைகள் நமக்கு வெட்கம் தரும். அவ்வெட்கமின்றிச் செய்யும் புதுப்பிப்பு வெறும் வெள்ளையடிப்பாகும். வெள்ளையடிக்கப்பட்டவற்றைக் குறித்து ஆண்டவர் மத்தேயு 23ஆம் அதிகாரத்தில் கூறியதை நாம் அறிவோம்.

முடிவுரை

திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. கையால் செய்யப்படும் அப்பூட்டின் சிறப்பு, தன் சாவியன்றி வேறெதற்கும் திறவாமை. ஆலயக் கதவுக்கும் பூட்டு வேண்டும்; காணிக்கைப் பெட்டியும் திருவிருந்துப் பாத்திரங்களும் உள்ளே இருக்கின்றன. மாலையில் கோயிற்பிள்ளை கதவைப் பூட்டிச் சாவியை ஆயர் இல்லத்தில் ஒப்படைக்கிறார். அச்சாவி நம் கையில் இருப்பது காவலுக்காக, உடைமைக்காக அன்று. வாசல் நானே என்று யோவான் 10ஆம் அதிகாரத்தில் உரைத்தவரே அதற்கு உடையவர்.

நாம் செப்பனிடும் வாசல் இன்னும் நூறாண்டு நிற்கலாம். நம் பெயரை அன்று எவரும் அறியார். ஆனால் அன்று அதன் வழியே யார் தயக்கமின்றி நடந்து உள்ளே வருகிறார் என்பதைக் கொண்டு, நாம் எதனைப் புதுப்பித்தோம் என்பது விளங்கும்.